சம்பளம் வாங்குகிறவனுக்கு அபிப்பிராயம் கூடாதா?

(திருநெல்வேலியை அடுத்துள்ள தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றில் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று பேசும்படி நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் “சர்வகலாசாலைச் சிப்பந்தியும் அரசியலும்” என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், “இந்த மனிதருக்கும் சர்வகலாசாலைக்கும் என்ன சம்பந்தம்?” என்று நினைக்கலாம். அப்படி நினைப்பதும் நியாயமே. நாம் எந்தச் சர்வகலாசாலையிலும் படித்துப் பட்டம் பெற்றவரல்ல. நாம் படித்ததெல்லாம் வாசகசாலைப் பெஞ்சியிலும், கூட்டங்களில் உங்களைப் போன்றவர்கள் கேட்ட கேள்விகளிலுந்தான். ஆனாலும் வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் மடையைப் போய்ப் பார்ப்பதற்கு விவசாயிக்கு இஞ்சினீயர் பட்டம் வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் படிக்கின்ற இடத்தில், நம் வரிப்பணத்தால் நடக்கின்ற இடத்தில், என்ன நடக்கின்றது என்று கேட்பதற்கும் பட்டம் வேண்டியதில்லை.

இந்த விஷயம் நம் மனத்தில் விழுந்தது எப்படியென்று முதலில் சொல்லிவிடுகின்றோம். சில மாதங்களுக்கு முன் ஒரு வாலிபர் இரவு நேரத்தில் நம்மைத் தேடி வந்தார். அவர் ஓர் உயர்தரக் கல்வி ஸ்தாபனத்தில் குமாஸ்தா. எந்த ஸ்தாபனம், எந்த ஊர் என்று நாம் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருடைய பிழைப்பில் மண் விழும். “அண்ணாச்சி, நம் பத்திரிகைக்கு நான் சந்தா கட்டுகிறேன். ஆனால் ஆபீசு விலாசத்துக்கு அனுப்பி விடாதீர்கள்” என்றார். “ஏன் தம்பி, பத்திரிகை படிப்பது குற்றமா?” என்று கேட்டோம். அவர் சொன்ன சமாதானம் இது:

“நான் வேலையில் சேர்ந்த அன்று பக்கத்து மேஜைக்காரர் ‘எந்த ஊர்?’ என்றார். சொன்னேன். ‘ஊரில் எந்தத் தெரு?’ என்றார். சொன்னேன். ‘யார் மகன்? தாத்தா பெயர் என்ன?’ என்றார். அதற்குப் பிறகு டீக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திக் கொண்டார். ஆயுத பூசைக்கு எல்லாரிடமும் பணம் வசூல். எனக்கு அதில் நம்பிக்கை இல்லையென்று சொன்னதற்கு, ‘ஒற்றுமையைக் கெடுக்கிறான்’ என்று பெயர். எங்கள் மேலதிகாரி ராகு காலம் போன பிறகுதான் பைலில் கையெழுத்துப் போடுவார். அவர் மேஜை முழுவதும் சாமி படம். ஒரு நாள் நான் என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே பெரியார் படம் ஒன்றை வைத்தேன். மறுநாள் கூப்பிட்டு, ‘இந்தாரும், அரசியலையெல்லாம் ஆபீசுக்கு வெளியே வச்சுக்கிடும்’ என்று எடுக்கச் சொல்லிவிட்டார்.”

தோழர்களே! இதை நன்றாகக் கவனியுங்கள். ஜாதியைத் துருவித் துருவி விசாரித்தவர் அரசியல் பேசவில்லையாம். பூசைக்குப் பணம் வாங்கினவர் அரசியல் பேசவில்லையாம். ராகு காலத்துக்காக ஏழை மாணவனுடைய சர்ட்டிபிகேட்டை ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தவர் அரசியல் பேசவில்லையாம். ஒரு படத்தை வைத்துவிட்டுச் சும்மா இருந்த பையன்தான் அரசியல் பேசிவிட்டானாம்! அதாவது, நெடுநாளாய் நடந்து வருகின்ற அக்கிரமத்துக்குப் பெயர் “வழக்கம்”; அது ஏன் என்று கேட்பதற்குப் பெயர் “அரசியல்”. இவ்வளவுதான் இதிலுள்ள இரகசியம். சர்க்கார் ஆபீசுகளிலிருந்து சாமி படங்களை எடுத்துவிட வேண்டுமென்று அண்ணாதுரை அவர்கள் முதன்மந்திரியாயிருந்த 1968-ஆம் ஆண்டிலேயே உத்தரவு போடப்பட்டது. அந்த உத்தரவின் கதி என்னவாயிற்று என்று எந்த ஆபீசு சுவரையும் கேட்டால் அது சொல்லும்.

நிற்க, சர்வகலாசாலைச் சிப்பந்தி வாயைத் திறக்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவைகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் கொள்வோம்.

முதற் காரணம்: “சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் சர்க்காருக்கு அடங்கியிருக்க வேண்டும்” என்பது. சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஆகாயத்திலிருந்தா? தீப்பெட்டி வாங்குகிற கிழவி முதல் டிராக்டர் வாங்குகிற மிராசுதாரர் வரை கொடுக்கின்ற வரியிலிருந்து வருகிறது. அந்தச் சம்பளம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது? பத்து மணி முதல் சாயங்காலம் வரை அவன் செய்கின்ற வேலைக்காகக் கொடுக்கப்படுகிறது. அவன் வேலையை விற்றானே ஒழிய மூளையை அடகு வைக்கவில்லை.

இது நம்முடைய சொந்தச் சட்டமல்ல. பீகார் மாகாணத்தில், சர்க்கார் சிப்பந்திகள் எவ்விதமான ஆர்ப்பாட்டமும் செய்யக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. காமேஷ்வர் பிரசாத் என்பவர் தொடுத்த வழக்கில், 1962-ஆம் ஆண்டில், சுப்ரீம் கோர்ட்டார் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டதனாலேயே ஒருவன் குடிமகனுக்குரிய அடிப்படை உரிமைகளை இழந்து விடுவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். திரிபுராவில் ஒரு சர்க்கார் சிப்பந்தி, கட்சிக் கூட்டமொன்றில் போய் நின்றதற்காகவும், கம்ப்யூட்டரில் அபிப்பிராயம் எழுதியதற்காகவும் தண்டிக்கப்பட இருந்தபோது, 2020-ஆம் ஆண்டில் அந்த மாகாண ஹைகோர்ட்டும் சிப்பந்திக்கு அபிப்பிராயம் உண்டு என்றே சொல்லிற்று.

ஆனால் விதி என்பது ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. நம் மாகாணத்தில் சர்க்கார் சிப்பந்திகளுக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உண்டு. சர்வகலாசாலைகளுக்கும் தத்தம் விதிகள் உண்டு. கட்சியில் அங்கத்தினராய்ச் சேர்ந்து வேலை செய்யாதே, தேர்தலில் ஓட்டுச் சேகரிக்காதே என்றால் அதில் ஓரளவு நியாயமிருக்கிறது. ஓட்டுப் பெட்டியைக் காவல் காக்கப் போகிறவனே கட்சிக் கொடியையும் தூக்கிக் கொண்டு போனால் யார் நம்புவார்கள்? ஆகவே அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நாம் கேட்பதெல்லாம், அந்த விதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான்.

எப்படியெனில், மத்திய சர்க்கார் சிப்பந்திகள் ஆர்.எஸ்.எஸ்., ஜமாத்தே இஸ்லாமி ஆகிய ஸ்தாபனங்களில் கலந்து கொள்ளக் கூடாதென்று 1966-ஆம் ஆண்டில் ஓர் உத்தரவு இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்த உத்தரவிலிருந்து ஆர்.எஸ்.எஸ். பெயரை மாத்திரம் எடுத்துவிட்டார்கள். 58 வருஷ காலம் அரசியலாயிருந்தது ஒரே நாளில் அரசியல் அல்லாமற் போய்விட்டது! ஸ்தாபனம் மாறிற்றா? இல்லை. ஆள்கிறவர்கள் மாறினார்கள். ஆகவே எது அரசியல் என்பதைத் தீர்மானிப்பதே ஓர் அரசியல் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

இரண்டாவது காரணம்: “கல்வி ஸ்தாபனம் நடுநிலையாய் இருக்க வேண்டும், அங்கே இந்தச் சண்டைகள் வரக்கூடாது” என்பது. கேட்பதற்கு நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் இந்த “நடுநிலை”யின் சரித்திரத்தை நம் ஆற்றங்கரையிலேயே பார்க்கலாம். இங்கிருந்து சேரன்மாதேவி எவ்வளவு தூரம்? அங்கேதான் வ.வெ.சு. அய்யர் ஒரு குருகுலம் நடத்தினார். அவர் தேசத்துக்காகக் கஷ்டப்பட்டவர்தான். அதை நாம் மறுக்கவில்லை. எல்லா ஜாதியாரிடத்திலும் பணம் வாங்கித்தான் அந்தக் குருகுலம் நடந்தது. தமிழ்நாடு காங்கிரசும் 10,000 ரூபாய் கொடுப்பதாய் ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் கொடுத்தது. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் பார்ப்பனப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனி இடம்! கேட்டதற்கு என்ன பதில்? அவர்கள் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அவர்கள் மனம் நோகக் கூடாது என்பது பதில். பணம் கொடுத்த மற்றப் பெற்றோர்களுக்கு மனமே இல்லை போலும்!

இதை வரதராஜுலு நாயுடு அவர்களும், அப்போது காங்கிரசிலிருந்த ஈ.வெ.ராமசாமி அவர்களும் கேட்டார்கள். கேட்டவர்களுக்குத்தான் “வகுப்புத் துவேஷி” என்ற பட்டம் கிடைத்தது. பந்தியைப் பிரித்தவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. 1925-ஆம் ஆண்டு மே மாதம் “குடி அரசு” வெளிவந்ததும், அதே ஆண்டு நவம்பரில் காஞ்சீபுரம் மகாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே நம் இயக்கத்தின் வேர்களில் ஒன்று ஒரு கல்வி ஸ்தாபனத்தின் அன்றாடச் சாப்பாட்டு இலையில் இருக்கின்றது. இலையைப் பற்றிப் பேசுவது அரசியலல்ல என்று அன்று விட்டிருந்தால், இன்று நாம் இந்த மேடையில் நிற்க முடியுமா?

இது நம் ஜில்லாவின் சமாச்சாரம் மாத்திரமல்ல. 1918-ஆம் ஆண்டில் பம்பாய் சிடன்ஹாம் காலேஜில் பொருளாதாரப் பேராசிரியராய் ஒருவர் சேர்ந்தார். அவர் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்தவர். அவருடைய அறிவைப் பற்றி யாருக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் தங்களுக்கு வைத்திருந்த தண்ணீர்க் குடத்திலிருந்து அவர் தண்ணீர் எடுத்துக் குடிக்கக் கூடாதென்று உடன் வேலை பார்த்த பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். அவர்தான் டாக்டர் அம்பேத்கர். பொருளாதார சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு அவரோடு தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை! இதுதான் படிப்பின் யோக்கியதை என்றால், அந்தப் படிப்பை ஏன் கேள்வி கேட்கக் கூடாது?

“அதெல்லாம் பழங்கதை” என்று சொல்லுவார்கள். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் ஜில்லா நாங்குநேரியில் என்ன நடந்தது? நன்றாய்ப் படித்தான் என்கிற குற்றத்திற்காகவும், ஆதிதிராவிட வகுப்பில் பிறந்தான் என்கிற குற்றத்திற்காகவும், ஒரு பள்ளி மாணவன் உடன் படிக்கும் பிள்ளைகளாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு சர்க்கார் நியமித்த ஜஸ்டிஸ் சந்துரு அவர்கள், 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொடுத்த அறிக்கையில், ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறும் நெற்றிக் குறியும் பள்ளிக்கூடத்துக்குள் கூடாது என்று எழுதினார். உடனே “மதத்தில் கை வைக்கிறார்கள்” என்று கூப்பாடு! பள்ளிக்கூடத்தில் கயிறு கட்டிய கை காலேஜுக்கு வரும், காலேஜிலிருந்து சர்வகலாசாலைக்கு வரும், அங்கிருந்து உத்தியோகத்துக்கு வந்து, “எந்தத் தெரு? தாத்தா பெயர் என்ன?” என்று கேட்கும். பாபநாசத்தில் மலையிறங்குகிற ஆற்றுத் தண்ணீருக்கு ஜாதி கிடையாது. படித்துறைக்கு வந்த பிறகுதான் அதற்கு ஜாதி வருகிறது. அந்தப் படித்துறையைக் கட்டியவர் கடவுளல்ல, மனிதர்தான்.

மூன்றாவது காரணம்: “அபிப்பிராயம் சொல்லுகிறவனால் கல்வியின் கௌரவம் கெடும்” என்பது. இதற்குப் பதில் அபிஷேகப்பட்டியிலேயே பலகையில் எழுதியிருக்கிறது. 1990-ஆம் ஆண்டில் நமக்கு ஏற்பட்ட சர்வகலாசாலைக்கு யார் பெயர்? மனோன்மணீயம் சுந்தரனார் பெயர். அவர் யார்? அவரும் ஒரு சம்பளக்காரர். திருநெல்வேலியிலே பள்ளிக்கூடத் தலைமையாசிரியராயிருந்தவர். பிறகு திருவிதாங்கூர் மகாராஜாவின் காலேஜில் தத்துவ சாஸ்திரப் பேராசிரியராயிருந்தவர். சைவப் பற்றுள்ளவர், நம் கொள்கைக்காரர் அல்லர். ஆனாலும் வேதமும் சமஸ்கிருதமும் கொடிகட்டிப் பறந்த இராஜாவிடத்தில் சம்பளம் வாங்கிக் கொண்டே, 1891-ஆம் ஆண்டில், வடமொழி மக்கள் பேச்சிலிருந்து போய்விட்டது, தமிழோ இளமை மாறாமல் இருக்கின்றது என்று பாட்டு எழுதி அச்சிட்டார். 1970-ஆம் ஆண்டில் அந்தப் பாட்டைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக்கிய சர்க்காரார்கூட அந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொண்டார்கள். இன்றைய மேலதிகாரி அன்று இருந்திருந்தால் சுந்தரம் பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும்? மெமோ கிடைத்திருக்கும். ஒரு சிப்பந்தியின் அபிப்பிராயத்துக்காக அவர் பெயரை வாசலில் எழுதி வைத்துவிட்டு, உள்ளேயிருக்கும் சிப்பந்தியைப் பார்த்து வாயை மூடு என்பது என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். அதே சர்வகலாசாலையில் எம்.ஏ. இங்கிலீஷ் மாணவர்களுக்கு 2017 முதல் அருந்ததி ராய் எழுதிய புத்தகம் ஒன்று பாடமாயிருந்தது. மாவோயிஸ்டுகளோடு அவர் காட்டில் நடந்த கதை அது. 2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஏ.பி.வி.பி. என்னும் மாணவர் சங்கத்தார் ஆட்சேபித்தார்கள், புத்தகம் போய்விட்டது. அதற்குப் பதிலாய் மா.கிருஷ்ணன் அவர்களின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர்தான். காட்டையும் பறவையையும் பற்றி எழுதினவரானால் தொல்லையில்லை என்று நினைத்தார்களோ என்னவோ! ஆனால் அவர் யார் மகன்? நம் ஆற்றுப் பாய்ச்சல் ஊராகிய பெருங்குளத்து அ.மாதவையாவின் மகன். மாதவையா உப்பு இலாகாவில் சர்க்கார் உத்தியோகஸ்தர். பார்ப்பனராய்ப் பிறந்தும், விதவைகளின் கொடுமையையும் மறுமணத்தின் நியாயத்தையும் பற்றி “முத்துமீனாட்சி” எழுதித் தன் ஜாதியாரின் கோபத்தைச் சம்பாதித்தவர். 1925-ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னை சர்வகலாசாலையின் செனட் சபையில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி, அந்த மண்டபத்திலேயே உயிர் விட்டவர். அபிப்பிராயத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அபிப்பிராயத்துக்காக உயிர்விட்டவரின் மகன் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டார்!

அந்நிய நாட்டிலும் இந்த வியாதி உண்டு. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்னும் பேரறிஞரை, 1940-ஆம் ஆண்டில், நியூயார்க் சிட்டி காலேஜில் தர்க்கமும் கணிதமும் போதிக்க நியமித்தார்கள். மதத்தைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் அவருக்கிருந்த அபிப்பிராயங்களுக்காகப் பாதிரிமார் கூச்சலிட்டார்கள்; ஒரு நீதிபதி அந்த நியமனத்தையே ரத்துச் செய்தார். பத்து வருஷம் கழித்து அதே ரஸ்ஸலுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீதிபதியின் பெயர் இன்று யாருக்கு ஞாபகமிருக்கிறது?

நிற்க, பிறரை மாத்திரம் குற்றஞ்சொல்லிவிட்டுப் போவது யோக்கியமல்ல. பெரியார் பெயரைத் தாங்கிய சேலம் சர்வகலாசாலையிலேயே, 2023-ஆம் ஆண்டில், அனுமதி வாங்காமல் பெரியாரைப் பற்றிப் புத்தகம் எழுதினார் என்று ஓர் இதழியல் பேராசிரியரிடம் விளக்கம் கேட்டார்கள். பெயர்ப் பலகை மாறினால் புத்தி மாறிவிடாது என்பதற்கு இது உதாரணம். அன்றியும், நம்மில் சிலருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நமக்கு வேண்டிய சர்க்கார் வந்துவிட்டால், நமக்கு வேண்டாத அபிப்பிராயம் உடைய சிப்பந்தியை எந்த ஊருக்கு மாற்றலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். இது தப்பு. நாளை ஒரு வைதிகச் சிப்பந்தி, தம் ஓய்வு நேரத்தில், தம் செலவில், நம்மை மறுத்து ஒரு துண்டுப் பிரசுரம் போட்டால், அவருக்கு மெமோ கொடுக்காதே என்று நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது பதில், மெமோ அல்ல. நம் கொள்கையில் நமக்கு நம்பிக்கை இருந்தால் எதிரியின் வாயைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நம் சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாவில் ஓர் ஆராய்ச்சி மாணவியார், கவர்னர் கையால் பட்டம் வாங்க மறுத்து, அவரைத் தாண்டிப் போய்த் துணைவேந்தர் கையில் வாங்கினார். அது சரியா தப்பா என்று ஊரெல்லாம் வாதம் நடந்தது. வாதம் நடக்கட்டும், அது நல்லதே. ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர் கல்லெறியவில்லை, கூச்சலிடவில்லை. நாலடி தள்ளிப் போனார், அவ்வளவுதான். அந்த நாலடி போவதற்கு அந்த ஸ்தாபனத்தில் சம்பளம் வாங்குகிற ஒருவருக்குத் தைரியம் வருமா? வராது. ஏன்? மாணவிக்குப் பட்டம் முடிந்துவிட்டது. சிப்பந்திக்குச் சம்பளம் முதல் தேதி வரவேண்டியிருக்கிறது. ஆகவே இது தைரியத்தைப் பொறுத்த விஷயம் மாத்திரமல்ல, வயிற்றைப் பொறுத்த விஷயம். வயிற்றைக் காட்டி வாயை அடைக்கிற தந்திரத்தை முதலில் அறிய வேண்டும்.

அப்படியானால் அந்தக் குமாஸ்தாத் தம்பிக்கு நாம் என்ன சொன்னோம்? “வேலையை விட்டுவிட்டு வா” என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லுவது சுலபம். அவர் வீட்டு உலை நம் வீட்டில் எரியவில்லை. நாம் சொன்னது இது: “தம்பி, உன் மேஜைக்கு வருகிற மாணவன் எந்த ஜாதி, எந்தக் கட்சி என்று பாராமல் வேலையை முடித்துக் கொடு. உன்னை எதிர்த்துப் பேசுகிறவன் பைல் உன் கையில் ஒரு நாள் கூடத் தாமதப்படக் கூடாது. வேலையில் உன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாதபடி நடந்துகொள். விதியைப் படி, எது தடுக்கப்பட்டது, எது தடுக்கப்படவில்லை என்று தெரிந்துகொள். பாதிப் பயம் விதியினால் வருவதல்ல, விதியைப் படிக்காததனால் வருவது. உன் படத்தை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடு. ஆனால் எல்லா மேஜைப் படங்களுக்கும் அந்த உத்தரவு உண்டா என்று எழுத்து மூலம் மரியாதையாய்க் கேள். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்தில் எழுதியாயிற்று. ராகு காலம் பார்ப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். இதையெல்லாம் தனியாய்ச் செய்யாதே. நாலு பேராய்ச் செய்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நாலு பேர் கிடைப்பதுதான் அண்ணாச்சி கஷ்டம்” என்றார். தோழர்களே! அந்தப் பதில்தான் இன்று வரை நம்மை உறுத்திக் கொண்டிருக்கிறது. அந்த நாலு பேர் ஆபீசுக்குள்ளேதான் இருக்க வேண்டுமா? வெளியே நாம் இத்தனை பேர் இருக்கிறோமே, நாம் என்ன செய்தோம்? கோயில் கொடைக்கு வரி போட்டால் கணக்குப் பார்க்கிற நாம், சர்வகலாசாலையில் என்ன நடக்கிறதென்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? நம் பிள்ளையின் கையில் கயிறு எப்படி வந்தது என்று நம் வீட்டிலாவது கேட்டதுண்டா? அந்தக் கயிறு சர்வகலாசாலையில் கட்டப்பட்டதல்ல. நம் தெருவில், நம் கண்ணெதிரில் கட்டப்பட்டது. அதை அவிழ்க்க எந்த மேலதிகாரியின் அனுமதியும் வேண்டியதில்லை.

ஆகவே, நாம் சொன்னதாலேயே இவைகளை ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் உங்களுக்குத் தெரிந்த ஒரு வாத்தியாரிடமோ, ஒரு குமாஸ்தாவிடமோ, ஒரு பியூனிடமோ போய், “நீர் நினைப்பதைச் சொல்லும், உம் பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம்” என்று சொல்லுங்கள். தப்பென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று நம்மைக் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

பின்குறிப்பாய் ஒரு சேதி: அந்தத் தம்பி போன மாதம் மறுபடி வந்தார். பத்திரிகையை இனிமேல் ஆபீசு விலாசத்துக்கே அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். கூட இன்னொருவருக்கும் சந்தா கட்டினார். அந்த இன்னொருவர், “எந்தத் தெரு?” என்று முதல் நாள் கேட்ட அதே பக்கத்து மேஜைக்காரராம்.